இளவயதில் எடைக்குறைப்பு அறுவை: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் இந்தப் பேச்சு பெரும்பாலும் கல்யாண வீட்டில்தான் கிளம்புகிறது. சொந்தத்தில் ஒரு பெண் ஆறே மாதத்தில் ஆள் மாறி வந்து நிற்பாள். "நம்ம பிள்ளைக்கும் செஞ்சிரலாமே" என்று ஒரு பெரியம்மா ஆரம்பிப்பார். ஆறாம் மாதத்தில் அநேகமாக எல்லோருமே இளைத்துத்தான் இருப்பார்கள். 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர் விசாரிக்க வேண்டியது பத்தாம் வருடத்தை, இருபதாம் வருடத்தை. அதற்குள் படிப்பு முடியும், வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் போக நேரும், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) மாறும், கல்யாணமும் பிள்ளைப்பேறும் வரும். அறுத்து மாற்றிய வயிறு எங்கே போனாலும் கூடவே வரும். அதற்குரிய மாத்திரையும் வருடாந்தர ரத்தப் பரிசோதனையும் கூட வருமா என்பதுதான் கேள்வி.

எடைக் கணக்கு

உயரத்தை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்குங்கள். வந்ததால் எடையை வகுத்தால் பிஎம்ஐ. 165 செ.மீ. உயரமுள்ளவர் 75 கிலோ இருந்தால் 27.5, 95 கிலோ என்றால் 35, 109 கிலோ என்றால் 40.

அமெரிக்காவில் 1991-இல் வகுத்த அளவுகோல்தான் நெடுங்காலம் உலகம் முழுக்க நடப்பில் இருந்தது: பிஎம்ஐ 40, அல்லது 35-உடன் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய். 2022-இல் எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் அதைத் திருத்தின. இப்போது 35 இருந்தால் வேறு நோய் இல்லாமலேயே பரிந்துரைக்கலாம். 30 முதல் 35 வரை இருப்பவருக்குச் சர்க்கரை போன்ற நோய் இருந்தால் யோசிக்கலாம். ஆசிய வம்சாவளியினருக்கு 27.5-இலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். நமக்குக் கொழுப்பு தொடையில் சேர்வதைவிட வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேருவது அதிகம். குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடும். டர்பன் உள்ள நடாலுக்கு வந்து ஐந்து தலைமுறை ஆனாலும் உடம்புவாகு அதேதான். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை.

ஆனால் தகுதி இருப்பது வேறு, தேவை இருப்பது வேறு. 20 வயது, பிஎம்ஐ 29, சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை என்றால், எண் இடம் கொடுக்கிறது என்பதற்காக மேசையில் ஏறக் கூடாது. அதே 20 வயதில் இரண்டாம் வகைச் சர்க்கரை வந்திருந்தால் கதையே வேறு. இளவயதில் வரும் சர்க்கரை பெரியவர்களுடையதைவிட வேகமாகக் கண்ணையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். பதின்வயதில் அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்றில், இரைப்பை பைபாஸ் செய்த ஐந்தாம் ஆண்டில் சர்க்கரை அடங்கியிருந்தவர்கள் இளையோரில் 86 சதவீதம். பெரியவர்களில் 53 சதவீதம். பத்தாம் ஆண்டுக் கணக்கில் இளையோரிலும் அது 55 சதவீதமாக இறங்கியிருந்தது. எடையில் சராசரியாக 20 சதவீதம் குறைந்தபடியே நின்றது. சீக்கிரம் செய்வதற்கான வலுவான வாதமும் இதுதான், அதன் எல்லையும் இதுதான்.

ஆகவே எடை மெஷினோடு நிற்காமல் இவற்றைப் பாருங்கள்: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரல் நொதிகள், ஈரல் ஸ்கேன். உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவருக்குத் தூக்கப் பரிசோதனை. மாதவிலக்கு தப்பித் தப்பி வரும் பெண்ணுக்கு சினைப்பை நீர்க்கட்டிச் சோதனை.

எதிர்பார்ப்பையும் கிலோவில் எழுதி வையுங்கள். அறுவையில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் இறங்குவது வழக்கம். 165 செ.மீ. உயரத்தில் 110 கிலோ இருப்பவர் 77 முதல் 83 கிலோவில் நிற்பார். சர்க்கரையும் மூட்டு வலியும் குறட்டையும் நன்றாகக் குறைந்திருக்கும். ஆனாலும் பிஎம்ஐ 28-க்குக் கீழே போயிருக்காது. கல்யாணப் போட்டோவுக்காகச் செய்கிறவர் ஏமாறுவது இங்கேதான். கை, வயிறு, தொடையில் தொங்கும் தோலும் வரும். அதை வெட்டும் அறுவையை அழகுச் சிகிச்சை என்று சொல்லி மெடிக்கல் எய்ட் பெரும்பாலும் தள்ளிவிடும்.

வேறு காரணம் இருக்கிறதா

தைராய்டு பார்க்காமல் எந்த அறுவை மருத்துவரையும் பார்க்கப் போகாதீர்கள். வயிற்றில் அகலமான ஊதா வரிகள், தொட்டால் கன்றிப்போகும் தோல், உட்கார்ந்து எழ முடியாத தொடை பலவீனம் மூன்றும் சேர்ந்து இருந்தால் கார்ட்டிசால் சோதனை தேவை. ஐந்து வயதுக்கு முன்பே அடங்காத பசியோடு எடை ஏறத் தொடங்கியிருந்தால் மரபணுக் காரணம் இருக்கலாம்.

அதிகம் தவறிப்போவது மருந்துப் பட்டியல்தான். வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநோய்க்கான ஒலான்சபைன், ஆஸ்துமாவுக்கு அடிக்கடி விழுங்கும் பிரெட்னிசோன், கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி: இவை நாலும் எடையை ஏற்றக்கூடியவை. தானாக நிறுத்திவிடக் கூடாது. மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

ஊசி போட்டுப் பார்த்தாயிற்றா

வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசியான செமாக்ளுடைடில் சோதனைகளில் சராசரியாக 15 சதவீதமும், டிர்செபடைடின் உயர்ந்த அளவில் சுமார் 20 சதவீதமும் எடை குறைந்தது. செமாக்ளுடைடை நிறுத்தியவர்களுக்கு இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி ஏறியது. அதாவது இதுவும் நெடுநாள் செலவு. பிஎம்ஐ 30-களில் இருப்பவர் அறுவைக்கு முன் ஒழுங்கான கண்காணிப்பில் 6 முதல் 12 மாதம் ஊசி போட்டுப் பார்ப்பதே நல்லது என்பது எங்கள் கட்சி. 50-ஐ நெருங்குபவருக்கு ஊசி மட்டும் போதுவது அரிது. அவரை "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று இழுத்தடிப்பதிலும் ஆபத்து உண்டு.

இன்ஸ்டாகிராமிலும் அழகு நிலையத்திலும் சிரிஞ்சில் நிரப்பித் தருவதை வாங்காதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவில் பதிவான மருந்து, மருந்துச் சீட்டோடு, மருந்துக்கடையில். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அறுவைக்குப் போனால் மயக்க மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

எந்த அறுவை

நடைமுறையில் பெரும்பாலும் இரண்டுதான்: ஸ்லீவ், பைபாஸ். ஸ்லீவில் இரைப்பையின் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, 100 முதல் 150 மி.லி. கொள்ளும் குழாயாக விடுகிறார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. குடலைத் தொடாததால் சத்துக் குறைபாடு பைபாஸைவிடக் குறைவு. ஆனால் நெஞ்செரிச்சல் புதிதாக வரலாம், இருந்தால் கூடலாம். ஏற்கெனவே எரிச்சல் மாத்திரை தின்று வாழ்கிறவருக்கு ஸ்லீவ் பொருந்தாது. மாத்திரை தேவைப்படாதவரும் எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயைப் பார்த்துவிட்டு, இரைப்பைப் புண் தரும் எச்.பைலோரி கிருமி இருந்தால் ஒழித்துவிட்டுப் போக வேண்டும்.

பைபாஸில் முட்டையளவுக்கும் சிறிய, சுமார் 30 மி.லி. பை ஒன்றை உண்டாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். சர்க்கரைக்கும் எரிச்சலுக்கும் இது மேல். விலையாக வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை. குலாப் ஜாமூனோ பர்ஃபியோ தின்றால் அரை மணியில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. பல வருடம் கழித்தும் குடல் மடிப்புக்குள் சிக்கிக்கொள்ளும் அபாயம். தலைவலிக்கு டீக்கடையிலேயே கிடைக்கும் கிராண்ட்பா பொடியில் ஆஸ்பிரின் இருக்கிறது. மைப்ரோடாலில் ஐபுப்ரோஃபென் இருக்கிறது. பைபாஸ் செய்தவர் இரண்டையும் மறந்துவிட வேண்டும், இணைப்பில் புண் வந்து ஓட்டையே விழலாம். பாரசிட்டமால் மட்டும் சரி. ஹப்ளி எனும் ஹுக்கா குழாய் பிடிக்கும் பிள்ளைகள் அதைப் புகைபிடிப்பாகவே எண்ணுவதில்லை. அதுவும் அதே புண்ணைத் தரும். அறுவைக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகு தொடவும் கூடாது.

இரைப்பை வளையம் இன்று வழக்கொழிந்துவிட்டது. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் சில மாதத்துக்கு மட்டும். எடுத்ததும் எடை திரும்பும்.

உயிராபத்து நல்ல மையங்களில் முதல் 30 நாளில் ஆயிரத்தில் ஒருவர் அளவு, பித்தப்பை அறுவைக்குச் சமம். தைத்த இடத்தில் கசிவு சுமார் நூற்றில் ஒருவருக்கு. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும், வேகமாக இளைப்பதால் பித்தப்பைக் கல் வருவதும் தெரிந்த சிக்கல்கள்.

இளவயதுக்கே உரிய சங்கதிகள்

அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது. எடை இறங்கும் வேகத்தில் குழந்தைக்குப் போதிய சத்து சேராது. ஆனால் நீர்க்கட்டியால் "எனக்குக் குழந்தை நிற்காது" என்று நம்பியிருந்த பெண்ணுக்குச் சில மாதத்திலேயே கருமுட்டை வெளிவரத் தொடங்கிவிடும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்ற உறுதி இல்லை. கையில் வைக்கும் குச்சியோ கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர் டியோ பாதுகாப்பு. அடுத்த வருடம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, உடனே பேரப்பிள்ளை வேண்டும் என்று வீட்டில் எதிர்பார்ப்பு இருந்தால், ஒன்றைத் தள்ளிப்போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது பெண்ணின் விருப்பம். மருத்துவர் வாய் திறக்க மாட்டார்; சித்தியும் திறக்கக் கூடாது.

குடி. இரண்டு அறுவையிலும் சாராயம் ரத்தத்தில் வேகமாக ஏறும். முன்பு நாலு கோப்பைக்கு வந்த போதை இப்போது இரண்டுக்கே வரும். அறுவைக்குப் பின் சில வருடத்தில் குடிப்பழக்கம் முற்றுகிறவர்கள் கூடுகிறார்கள், இளைஞர்கள் குறிப்பாக. வாரக் கடைசி பிராய் (இறைச்சி சுடும்) விருந்தில் நிறுத்த முடியாமல் குடிப்பவர் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

மனம். இரவில் எழுந்து ரொட்டி டின்னைக் காலி செய்வது, ஒளித்து வைத்துத் தின்பது, தின்றதை வாந்தி எடுப்பது, கையைக் கீறிக்கொள்வது: இவை இருந்தால் மனநல மருத்துவர் முதலில், அறுவை பிறகு. அறுவைக்குப் பின் தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் சற்றுக் கூடுவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். உளவியலாளரின் கேள்விகளை மெடிக்கல் எய்ட் அனுமதிக்கான சடங்காக நினைத்து மழுப்பினால் நட்டம் உங்களுக்கே.

ஒத்திகை

அறுவையைத் தாங்குவோமா என்று அறிய எங்களுக்குத் தெரிந்த சிறந்த வழி, அறுக்காத வயிற்றோடு நான்கு வாரம் அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்ப்பது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

சிறிய தேநீர்த் தட்டில் மட்டும் சாப்பாடு. ஒரு வாய்க்கு இருபது மெல்லல், முடிக்க இருபது நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. முடித்து அரை மணி கழித்துத்தான். நாள் முழுக்க மிடறு மிடறாக ஒன்றரை லிட்டர். கூல்டிரிங், சோடா எதுவும் இல்லை. காலை, மாலை மாத்திரை. காலண்டரில் கோடு போட்டு வாருங்கள்.

புரதம் நாளுக்கு 60 கிராம், இது குறைந்தபட்சம். கணக்கு இப்படி: முட்டை ஒன்று 6 கிராம், டின் பில்ச்சர்ட் மீன் 100 கிராமில் சுமார் 17, வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30, மாஸ் தயிர் ஒரு கப்பில் 8, வேகவைத்த சுகர் பீன்ஸ் அரைக் கப்பில் 7 அல்லது 8. தண்ணியாக ஊற்றும் டோலில் (பருப்பில்) பெயருக்குத்தான் புரதம், வயிறுதான் நிரம்பும். புரதத்தை முதலில் தின்று, காய் பிறகு, சோறு இடமிருந்தால்.

கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌவை அறுவைக்குப் பிறகு பலரால் தின்னவே முடிவதில்லை. வெள்ளை ரொட்டி சிறிய வயிற்றில் பிசின் உருண்டையாக அடைத்துக்கொள்ளும். உதிரியான மக்காச்சோளப் பூட்டும் சிலருக்கு அப்படியே. கறியை மட்டும், பொடியாக நறுக்கி, காரம் குறைத்துத் தின்னலாம். புரட்டாசியில் முட்டையும் விடுகிற வீடுகளில் சோயா மின்ஸ், பன்னீர், மாஸ், புரதப்பொடி என்று முன்கூட்டியே திட்டம் வேண்டும். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து ஜனவரி, பிப்ரவரி வெயிலில் நடப்பது முதல் வருடம் வேண்டாம். ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாத வயிறு வறண்டால் சிறுநீரகம் அடிபடும்.

நான்கு வாரத்தில் மாத்திரைக் கோடுகளில் பாதி விடுபட்டிருந்தால் ஊக்கம் குறைவு என்று யாரையும் திட்ட வேண்டாம். ஆனால் பைபாஸ் அவருக்கு இப்போது ஆபத்து. பி12 தொடர்ந்து குறைந்தால் கால் மரத்துப்போகும், நரம்புச் சேதம் திரும்பாமலும் போகலாம்.

அறுவைக்குப் பின் எடுக்க வேண்டிய வழக்கமான அளவு: பல்வகை விட்டமின், நாளுக்கு கால்சியம் சிட்ரேட் 1200 முதல் 1500 மி.கி., டி விட்டமின் 3000 அலகு, பி12 350 முதல் 1000 மைக்ரோகிராம், மாதவிலக்கு ஆகும் பெண்ணுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தப் பரிசோதனை 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருடா வருடம். சைவக்காரருக்கும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கும் பி12 ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அதை அறுவைக்கு முன்பே நிரப்ப வேண்டும்.

பணம், மெடிக்கல் எய்ட்

மெடிக்கல் எய்ட் கட்டாயம் பணம் தர வேண்டிய நீடித்த நோய்களின் பட்டியலில் சர்க்கரையும் உயர் ரத்த அழுத்தமும் உண்டு, உடற்பருமன் கிடையாது. பல திட்டங்கள் இந்த அறுவையை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கும். தருபவையும் மேல்தட்டுத் திட்டங்களில், குறிப்பிட்ட மையங்களில், செலவில் ஒரு பகுதியை மட்டுமே தரலாம். பழைய 35, 40 அளவுகோலையே பிடித்துக்கொண்டிருக்கும் திட்டங்களும் உண்டு. தொலைபேசியில் கேட்ட பதிலை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனை, அறுவை மருத்துவர், உதவியாளர், மயக்க மருத்துவர், ஸ்டேப்ளர் போன்ற உபகரணம் ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீடு கேளுங்கள். கசிவு வந்து இரண்டு வாரம் ஐசியூவில் கிடந்தால் யார் கட்டுவது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். குடும்பங்கள் கடனில் விழுவது அங்கேதான். மெடிக்கல் எய்ட் தராத மீதியைக் கட்டும் கேப் கவர் இருந்தாலும் அதன் விலக்குகளைப் படியுங்கள்.

அப்பா அம்மாவின் திட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதில் கட்டணமும் விதியும் மாறலாம். விட்டு வெளியேறினால் 90 நாளுக்குள் அடுத்ததில் சேர்ந்துவிட வேண்டும். இடைவெளி விட்டால் 3 மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரையும் போடச் சட்டம் இடம் தருகிறது. அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை மிகச் சில இடங்களில்தான், வரிசையும் நீளம்.

மருத்துவர் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவானவரா என்று மன்றத்தின் இணையப் பட்டியலில் பார்க்கலாம். நேரில் கேட்க வேண்டியது: வருடத்துக்கு எத்தனை அறுவை, எத்தனை கசிவு, ஐந்தாம் வருடத்தில் எத்தனை பேர் இன்னும் பரிசோதனைக்கு வருகிறார்கள், டயட்டீஷியனும் உளவியலாளரும் குழுவிலேயே உண்டா. முதல் சந்திப்பிலேயே தேதி குறிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

யாருடைய முடிவு

18 நிறைந்தால் சட்டப்படி சம்மதம் அவருடையது மட்டுமே. ஒரு சந்திப்பாவது பெற்றோர் வெளியே இருக்க, இளையவர் தனியே மருத்துவரோடு பேச வேண்டும். "அம்மா சொன்னாங்க" என்பது மட்டுமே காரணமாக வந்தால் அந்த அறுவை வேண்டாம். அதேபோல், பிள்ளை தீர விசாரித்து, சர்க்கரையோடு, தெளிவாகக் கேட்கும்போது "கடவுள் கொடுத்த உடம்பை வெட்டுவதா" என்று ஆயா தடுப்பதையும் ஏற்க முடியாது.

வேண்டாம் என்று முடிவானால் ஆறு மாதம் கழித்து அதே பரிசோதனைகளுக்கு இப்போதே நாள் வாங்குங்கள். வேண்டும் என்று முடிவானால் முன்னே ஈரலைச் சுருக்க இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு. பின்னே இரண்டு வாரம் திரவ உணவு, இரண்டு வாரம் மசித்தது, பிறகு மெத்தென்றது, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு. மூன்றாம் மாதம் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்பி முளைக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய அபாயக் குறிகள்: நாடி 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம். காய்ச்சலே இல்லாமல் நாடி மட்டும் ஏறினாலும் கசிவாக இருக்கலாம், காலை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி என்றால் குளூக்கோஸ் ஏற்றும் முன் பி1 விட்டமின் ஊசி போடச் சொல்லுங்கள்; தாமதித்தால் மூளை பாதிக்கப்படும். பைபாஸ் செய்தவருக்கு எத்தனை வருடம் கழித்துக் கடும் வயிற்று வலி வந்தாலும் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பர்ஸில் ஒரு அட்டை வையுங்கள்: எந்த அறுவை, எந்தத் தேதி, ஆஸ்பிரின் மற்றும் ஐபுப்ரோஃபென் கூடாது, மூக்கு வழிக் குழாயைக் கண்மூடித்தனமாகச் செலுத்தக் கூடாது, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண். கேப் டவுனிலோ லண்டனிலோ வேலை கிடைத்தால், அறுவைக் குறிப்பின் முழு நகலையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.